நெயில் பாலிஷ் பூசிய டேங்க்

1998-ஆம் வருடம் ஏப்ரல் மாதம் வேம்புலியம்மாள் வளையல் எடுக்கப் பாரிமுனைக்குப் போனார். ஆவடி மார்க்கெட்டில் காய்கறிக் கடைகளைத் தாண்டியதும் அவருடைய பேன்சி ஸ்டோர். ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, ஹேர் கிளிப், கண்மை, நெயில் பாலிஷ் எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அன்றைக்குக் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். “வெளிநாட்டு பொம்மைம்மா, வந்த விலைக்குத் தர்றேன்” என்று சொல்லி ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வேம்புலியம்மாள் தலையில் கட்டிவிட்டார். அதற்குள் பன்னிரண்டு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று ஒரு படம். புகை கக்கும் டேங்க், மேகத்துக்குள் பாயும் விமானம், அலையில் எகிறும் கப்பல்.

வேம்புலியம்மாள் ஒரு பெட்டியையும் திறந்து பார்க்கவில்லை. படம் நன்றாக இருக்கவே கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் அடுக்கிவிட்டார். முதல் பெட்டி இரண்டே நாளில் விற்றது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அது வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. என் அப்பா ஜெயராமன் ஆவடியில் டேங்க் செய்யும் தொழிற்சாலையில் பிட்டர். அவருக்குச் சொந்த ஊர் பாரிவாக்கம். அங்கே தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பத்தில் ஐ.டி.ஐ. படித்து வேலைக்குப் போன முதல் ஆள் அவர். நாங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. அம்மா ஊக்கு வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண்மணி பெட்டியை மேசைமேல் படாரென்று வைத்தார்.

“இன்னாங்க இது? பையன் பொறந்த நாளுக்கு ஆசயா வாங்கிகினு போனேன். தொறந்தா உள்ள எல்லாம் உடஞ்சி சுக்குநூறா கீது. புள்ள காலைலேர்ந்து அழுவுது.”

வேம்புலியம்மாள் மூடியைத் திறந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அந்தப் பெண்மணிக்கு ஒரு பேசும் பொம்மையைக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தார்.

“இதுவும் உடஞ்சி கீது. இதுவும்! ஐயோ, பன்னெண்டும் போச்சா? லாரி ஏத்தி நசுக்கின பொம்மய என் தலைல கட்டிட்டானே பாவி!”

நான் எட்டிப் பார்த்தேன். டேங்க் படம் போட்ட பெட்டி என் பக்கமாக இருந்தது. உள்ளே பச்சை நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் சக்கரமும் கம்பியும் தகடுமாகத் துண்டுகள் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண். அடியில் மடித்த தாள் ஒன்று. தாளில் இருந்த எழுத்து எனக்குப் புரியாத ஏதோ பாஷை. ஆனால் படங்கள் புரிந்தன.

“வேம்புலிக்கா, இது உடையல. நாமதான் ஒட்டிச் செய்யணும். நம்பர் போட்டிருக்கு பாருங்க.”

“இன்னாது? பொம்மய நாமளே செய்யணுமா? அப்பறம் இன்னாத்துக்குக் காசு குடுத்து வாங்கறது?”

“துணி வாங்கினா தைச்சுதானே போட்டுக்கறோம்?”

வேம்புலியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாய் மட்டும் நல்லா கீது. சரி, இத்த எடுத்துகினு போ. அந்தப் படத்துல கீற மாரி செஞ்சிகினு வா. கண்ணாடிக்குள்ள வெக்கறேன். பாத்தா ஜனம் நம்பும். ஒரு வாரம் டைம்.”

“சரியா வரலன்னா?”

“வரணும்” என்றார் வேம்புலியம்மாள். ஊக்கு வாங்க மறந்து டேங்கோடு வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டில் அப்பாவின் வேலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொழிற்சாலைக்குள் நடப்பது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. மற்ற அப்பாக்கள் கொஞ்சம் கொஞ்சம் சொல்வார்கள். என் அப்பா அந்த விதியை ஒரு விரதம் மாதிரிக் கடைப்பிடித்தார். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், “கம்பெனில நட்டு முடுக்கறேன்” என்பார். என்ன நட்டு, எதற்கு நட்டு என்று கேட்டால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர், தரையில் செய்தித்தாள் விரித்து நான் பரப்பியிருந்ததைப் பார்த்தார். பெட்டியின் மேல் இருந்த டேங்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“இது எங்க கெடச்சிது?”

சொன்னேன். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார்.

நகவெட்டியால் துண்டுகளை வெட்டி எடுத்தேன். பெட்டியில் வந்த பசை கல்லாகியிருந்தது. அம்மா செருப்பு ஒட்ட வைத்திருந்த ஃபெவிக்விக்கை எடுத்துக்கொண்டேன். முதலில் சக்கரங்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்து ஒட்ட வேண்டும். நான்காவது ஜோடியைத் திருப்பி வைத்தபோது அப்பா தொண்டையைக் கனைத்தார். நிமிர்ந்தேன். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது.

“இன்னாப்பா? தப்பா?”

“எனுக்கு எப்டித் தெரியும்? நான் சினிமாப் பக்கம் படிச்சிகினு கீறேன்.”

சக்கரத்தை மாற்றித் திருப்பி வைத்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து சத்தமில்லை. புரிந்துகொண்டேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்தது. தப்பாக வைத்தால் கனைப்பு. சரியாக வைத்தால் மௌனம். ரொம்பத் தப்பாக வைத்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ஒரு நாள் மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். அம்மா உள்ளே இருந்து, “இன்னாய்யா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா?” என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் டேங்க் முழுசாக நின்றது. ரப்பர் சங்கிலி, மேலே திரும்பும் தலை, நீட்டிய குழாய் எல்லாம் சரி. ஆனால் பிளாஸ்டிக் பச்சை சோப்பு டப்பா மாதிரி மினுமினுத்தது. பெயிண்ட் வேண்டும் என்று கடைக்குப் போய்ச் சொன்னேன்.

“பெயிண்டுக்கு எங்க போவேன்? தோ, இத்த எடுத்துக்க” என்று வேம்புலியம்மாள் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வைத்தார். இரண்டு வருடமாக யாரும் தொடாத கிளிப்பச்சை.

மூன்று பாட்டில் ஆனது. வீடு முழுக்க நெடி. பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். டேங்க் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல் இருந்தது. அப்பா கனைக்கவில்லை. பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கி வந்தேன். பஞ்சில் தோய்த்து டேங்கின் தலையில் ஒரு பக்கம் தேய்த்தேன். கிளிப்பச்சை கழன்றது. அதோடு பிளாஸ்டிக்கும் கழன்றது. ரிமூவர் பட்ட இடம் வெண்ணெய் மாதிரி இளகி, என் கட்டைவிரல் உள்ளே புதைந்தது. பதறிப்போய் விரலை இழுத்தேன். அந்தப் பக்கம் முழுக்கக் குழியும் சுருக்கமும் நூல் நூலான பிசிறுமாக ஆகிவிட்டது.

அன்று அப்பாவுக்கு வார விடுமுறை. என் அழுகையைக் கேட்டுக் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தார். டேங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தார்.

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். “இதுக்கா இந்த ஒப்பாரி? அது சண்டைக்குப் போற வண்டிதானே?”

“ஆமா.”

“சண்டைக்குப் போனா அடி படாம வருமா? இதுக்கு அடி பட்டுகீது. அவ்ளோதான்.”

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்த் தன் கண்மை டப்பாவை எடுத்து வந்தார். விரல் நுனியில் மையைத் தொட்டு அந்தக் குழியைச் சுற்றித் தடவினார். குழி கறுத்ததும், குண்டு பட்டு வெந்த இடம் போலவே ஆகிவிட்டது. நான் துளசித் தொட்டியிலிருந்து ஈர மண் எடுத்துச் சக்கரத்திலும் சங்கிலியிலும் அப்பினேன். கிளிப்பச்சை மேல் மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தடவியதும் கல்யாணக் களை போய்விட்டது. அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மையை எடுத்து முன்பக்கம் முழுக்கத் தீட்டப் போனார்.

“அஞ்சல, அங்க இல்ல! பொக பின்னாலதான் வரும்!”

அம்மாவைப் பெயர் சொல்லிக் கத்தியது அப்பாதான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே இஸ்திரி வண்டிக்காரரைத் தவிர யாரும் இல்லை.

“எல்லா வண்டிக்கும் அப்டித்தான்” என்று எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார். “பஸ்ஸுக்கும் அப்டித்தான். லாரிக்கும் அப்டித்தான்.”

அன்றே டேங்க் கடையின் கண்ணாடிக்குள் போனது. வேம்புலியம்மாள் கீழே ஒரு சிவப்பு வெல்வெட் துணி விரித்தார். மார்க்கெட்டுக்கு அம்மாக்களோடு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போன பிறகு மூக்கு அடையாளங்களைத் துடைப்பது என் வேலையாயிற்று. அந்த வாரம் நான்கு பெட்டிகள் விற்றன. “உடஞ்சது இல்லம்மா, இத்த நாமளே செய்யணும். அதான் இதுல மஜா” என்று பிறந்ததிலிருந்து இதே தொழில் செய்பவர் போல வேம்புலியம்மாள் விளக்கம் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ராணுவச் சீருடையில் ஒருவர் தன் பெண்ணுக்கு ஹேர் கிளிப் வாங்க வந்தார். சட்டையில் வேலுசாமி என்று பெயர்ப்பட்டை. பெண் கிளிப் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். குனிந்தார். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“இதைய யாருங்க பண்ணுனது?”

வேம்புலியம்மாள் சீருடையைப் பார்த்தார். “எனுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் வளையல் விக்கறவ சார்.”

“சும்மா சொல்லுங்க. தெரிஞ்சவங்க யாரோதான பண்ணியிருக்கணும்?”

வேம்புலியம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. துடைக்கிற துணியோடு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். “அப்பா, மிலிட்ரிக்காரர் வந்து டேங்க் யார் செஞ்சதுன்னு கேக்கறார்.”

டம்ளர் பாதி வழியில் நின்றது. “பொக பின்னால வரும்னு நான் சொன்னத யாராண்டயாவது சொன்னியா?”

“இல்லப்பா.”

“அஞ்சல, நீ?”

“எனுக்கு வேற வேல இல்ல பாரு” என்றார் அம்மா.

அப்பா லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டார். சட்டையைச் செருகினார். தலையை வாரினார். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “பொம்ம சார் அது. கடைல வித்த பொம்ம சார்.” பரீட்சைக்குப் போகும்போது நான் அப்படித்தான் பதில்களைச் சொல்லிப் பார்ப்பேன்.

நாங்கள் போனபோது வேலுசாமி இன்னும் அங்கேயே இருந்தார். அவருடைய பெண் நீலக் கிளிப்பா மஞ்சள் கிளிப்பா என்பதில் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவர் எதிரே விறைப்பாக நின்றார்.

“சார், அது பொம்ம சார். கடைல வித்தது. அதுல கீற பொக, அது எல்லா வண்டிக்கும் பின்னாலதான் சார் வரும். பஸ்ஸுக்கும் அப்டித்தான் சார். நான் ஒண்ணும் சொல்லல சார்.”

வேலுசாமி அவரைக் குழப்பமாகப் பார்த்தார். “என்னங்க சொல்றீங்க? எந்தப் பஸ்ஸுங்க?”

“பொகை சார்.”

“நான் பொகையப் பத்தியே கேக்கலீங்க” என்று அவர் கண்ணாடியைக் காட்டினார். “இந்தப் பக்கம் குண்டு பட்டு இளகுன மாதிரி இருக்குது பாருங்க, அதைய எப்படிப் பண்ணுனீங்கன்னு கேக்கறதுக்குத்தான் நிக்கறேன். நானும் எட்டு வருசமா இந்த மாடல் ஒட்டீட்டிருக்கறேன். மெழுகுவத்தியில காட்டுவேன், சூடு ஊசியில குத்துவேன். எனக்கு வரவே மாட்டேங்குது.”

அப்பாவின் தோள்கள் இறங்கின. விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. என்னை முன்னால் தள்ளினார். “அத்த என் பொண்ணுதான் செஞ்சா சார்.”

“நெயில் பாலிஷ் ரிமூவர்” என்றேன். “இப்படி ஆகும்னு தெரியாம போட்டுட்டேன்.”

“ரிமூவரா!” வேலுசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். “எவ்வளவு நேரம் வெச்சே?”

“வெக்கல அங்கிள். பஞ்சுல தொட்டுத் தேச்சேன். அப்பறம் கட்டைவிரல் உள்ள போயிடுச்சு.”

அதையும் எழுதிக்கொண்டார். “கட்டைவிரல்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “அந்தக் கறுப்பு?”

“கண்மை. எங்க அம்மா போட்டாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வேம்புலியம்மாளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. “சார், அந்த ரிமூவர் நம்மகிட்டதான் கீது. மையும் கீது. ரெண்டு ரெண்டு போட்டுத் தரட்டுமா?” என்று எடுத்து வைத்தார். வேலுசாமி அதையும் வாங்கினார். மூன்று மாடல் பெட்டிகளையும் வாங்கினார். அவருடைய பெண் இரண்டு நிறக் கிளிப்பையும் வாங்கிக்கொண்டாள்.

போகும்போது அப்பாவிடம், “நீங்க எங்கீங்க வேலை?” என்று கேட்டார்.

“கம்பெனில சார்.”

“எந்தக் கம்பெனிங்க?”

“இங்கதான் சார், ஆவடில. இன்னா வெயில் சார் இந்த வருசம்!”

வேலுசாமி புன்னகையோடு தலையசைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பா எனக்கும் வேம்புலியம்மாளுக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். தனக்கு இரண்டு வாங்கிக்கொண்டார்.

வேலுசாமி முகாமில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் சீருடைக்காரர்கள் பேன்சி ஸ்டோருக்கு வர ஆரம்பித்தார்கள். வளையல் வாங்க வந்த பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டு விமானத்தின் இறக்கையைப் பற்றிப் பேசினார்கள். மே மாதம் முடிவதற்குள் மேல்தட்டில் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். மஞ்சள் விமானம். அதன்மேல் எனக்குக் கண் இருந்தது. அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

“அது வித்துப்போச்சி கண்ணு” என்றார் வேம்புலியம்மாள். என் முகத்தைப் பார்க்காமல் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அம்மா ரப்பர் பேண்ட் வாங்க அனுப்பினார். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வேம்புலியம்மாள் மத்தியானத்தில் கடை சாத்தியதே இல்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து குனிந்து உள்ளே போனேன்.

அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில் இருந்தது. முன்னால் மஞ்சள் விமானம். சக்கரங்கள் இரண்டும் இறக்கைக்கு மேலே வானத்தைப் பார்த்து நின்றன. உள்ளே உட்கார வேண்டிய குட்டி விமானி வால் பக்கத்தில் ஒட்டியிருந்தார். வேம்புலியம்மாளின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறக்கையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஷட்டர இறக்கு மொதல்ல!” என்றார். “எவனாவது பாத்தான்னா மானம் போயிடும்.”

“எவ்ளோ நேரமாக்கா இப்படி?”

“பத்தர மணிலேர்ந்து. ரெண்டு பேரு வந்து கூப்ட்டுப் பாத்துட்டுப் போய்ட்டாங்க. கையத் தூக்கினா ஏரோப்ளேனும் கூடவே வருது. நான் எப்டி எந்திரிப்பேன்?”

நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. அவரும் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இறக்கை ஆட ஆடச் சிரித்தார். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து, சோப்புப் போட்டு ஊறவைத்து, அரை மணி நேரத்தில் விரல்களைப் பிரித்தேன். அதன் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து விமானியை அவர் இடத்துக்கு மாற்றினோம். சக்கரங்களை மாற்ற வேம்புலியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. “அது அப்டியே கீட்டும். மேலயும் எறங்கலாம், கீழயும் எறங்கலாம்” என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அவர் மறுபடி பாரிமுனைக்குப் போய்ச் சந்து சந்தாக விசாரித்து இருபது பெட்டிகளோடு வந்தார். ரிப்பன் தொங்கிய சுவரில் ரிப்பன் போய் மாடல் பெட்டிகள் வந்தன. நான் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை ஒவ்வொரு லீவிலும் கண்ணாடிக்குள் வைக்க ஒன்று செய்து கொடுத்தேன். கல்லூரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனி வேலை, கல்யாணம் என்று அதற்கப்புறம் பல வருடம் கையில் பசை படவே இல்லை.

இப்போது எனக்குப் பாரிவாக்கத்தில் பிளாட். என் தாத்தா களை பறித்த கழனிகளுக்குச் சற்றுத் தள்ளி ஐந்தாவது மாடி. வேம்புலியம்மாளுக்கு எழுபது ஆகிவிட்டது. கடையை மருமகளிடம் கொடுத்துவிட்டார். மாடல் பெட்டிகளை மட்டும் கொடுக்கவில்லை. போன வருடம் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஆன்லைன்ல பாய்மரக் கப்பல் ஒண்ணு வாங்கிகீறேன். முன்னூறு பீஸு. என் ஊட்டுல வெக்க எடமில்ல. உன் ஊட்டுல பெரிய டேபிள் கீதாமே?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பத்து மணிக்கு வந்துவிடுகிறார். எங்கள் சாப்பாட்டு மேசை ஐந்து மாதமாகக் கப்பல் கட்டும் துறைமுகமாக இருக்கிறது. என் கணவர் ஸ்ரீராம் தட்டைக் கையில் ஏந்தி சோபாவில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார். வேம்புலியம்மாளுக்கு இன்னும் கை நடுங்குவதில்லை. எனக்குத்தான் ஒட்டும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அதனால் தாளைப் படித்து எண்ணைச் சொல்வது நான், ஒட்டுவது அவர். போன வாரம் கொடிக்கு என்ன நிறம் என்பதில் சண்டை வந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தோம். வருகிற ஞாயிறு பாய்மரங்களுக்கு நூல் கட்ட வேண்டும். இன்று காலை ஏழு மணிக்கே போன் அடித்தது.

“வெள்ள நூலு வாங்காத, அழுக்காவும். சந்தனக் கலருல வாங்கி வையி. அப்பறம், உன் ஊட்டுக்காரர கொஞ்சம் கோழிக் கொழம்பு வெக்கச் சொல்லு. இந்த வாட்டி சாய்ங்காலம் ஆனாலும் முடிக்காம நான் எந்திரிக்கறதா இல்ல.”